பையில் இருந்த குரல்

மூன்றாம் கவுண்டரில் வந்து உட்கார்ந்த புஷ்பவள்ளி மலாயில் பேசினாள்.

"செமுவா," என்றாள். எல்லாவற்றையும். ஃபிக்சட் டெபாசிட்டை உடைத்து, வரும் பணம் முழுவதையும் ஒரு கணக்குக்கு மாற்ற வேண்டும். கணக்கு எண் எழுதிய துண்டுத் தாளையும் தன் ஐசி அடையாள அட்டையையும் கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள்.

யோகேஸ்வரி தாளை எடுக்கவில்லை.

"என்னக்கா, திடீர்னு மலாய்? பரீட்சைக்குப் படிக்கிறீங்களா?"

புஷ்பவள்ளி சிரிக்கவில்லை. "தொலோங் செப்பாட்," என்றாள். சீக்கிரம்.

வங்கியின் உலு திராம் கிளையில் தமிழ் பேசும் காசாளர் யோகேஸ்வரி மட்டும்தான். முன்பு ஆறு கவுண்டர்கள் இருந்தன. இப்போது மூன்று. மற்ற மூன்றின் இடத்தில் இயந்திரங்கள் நிற்கின்றன. தங்கள் எண் வேறு கவுண்டரில் விழுந்தால் அதை விட்டுவிட்டு, புது எண் எடுத்து யோகேஸ்வரிக்காகக் காத்திருப்பவர்கள் உண்டு. புஷ்பவள்ளி அப்படிப்பட்டவள். மாதா மாதம் வருவாள். வந்ததும் தங்கச்சி என்பாள். கவுண்டர் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு மகனைப் பற்றிச் சொல்வாள். தீபன் சிங்கப்பூரில் சிப் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலம் கடக்கிறான். உள்ளே போனால் ஃபோனை லாக்கரில் பூட்டிவிட வேண்டும். "நான் செத்தாலும் அவனுக்கு டீ நேரத்துலதான் தெரியும்," என்பாள். சொல்லிவிட்டுத் தானே சிரிப்பாள்.

இன்று கைகள் கவுண்டர் மேல் இல்லை. தோள்பையை மார்போடு அணைத்திருந்தாள். பையின் ஜிப் திறந்திருந்தது. உள்ளே ஃபோன் நிமிர்ந்து நின்றது. திரை எரிந்துகொண்டிருந்தது. அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

யோகேஸ்வரி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

வங்கி இதைப் பற்றி அவர்களுக்கு வகுப்பு எடுத்திருக்கிறது. ஒருவன் கூப்பிடுவான். போலீஸ் என்பான், அல்லது கோர்ட் என்பான். லைனை வெட்டாதே என்பான். வங்கிக்காரர்களும் கூட்டாளிகள், அவர்களிடம் சொல்லாதே என்பான். பேசுவது எல்லாம் தனக்குப் புரிய வேண்டும் என்பான். அவனுக்குத் தமிழ் தெரியாது.

"கொஞ்சம் இருங்கள், சிஸ்டம் மெதுவாக இருக்கிறது," என்று அவளும் மலாயில் சொன்னாள். ஒரு டெபாசிட் சீட்டின் பின்புறம் தமிழில் எழுதித் தள்ளினாள்.

ஃபோனில் யார்?

புஷ்பவள்ளி தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள். உதடுகள் அசைய வாசித்தாள். கண்கள் நிறைந்தன. பேனாவை எடுத்தாள். எழுத வெகுநேரம் பிடித்தது. சீட்டு திரும்பி வந்தது.

தீபன். கஞ்சா கேஸ். சிங்கப்பூர்ல தூக்கு.

யோகேஸ்வரி அதன் கீழே பொய் என்று எழுதினாள். அடிக்கோடிட்டாள். புஷ்பவள்ளி சீட்டைக் கசக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். பெருவிரலை நீட்டினாள்.

டெபாசிட்டை உடைக்க ஐசியை எந்திரத்தில் செருகி, பெருவிரலை வைக்க வேண்டும். புஷ்பவள்ளியின் விரல் எளிதில் படியாது. பல வருடங்களாகச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறவள். சவர்க்காரம் ரேகையைத் தின்றுவிட்டது. அப்படிப்பட்ட விரல்களை மற்ற கவுண்டர்களிலிருந்தும் யோகேஸ்வரியிடம்தான் அனுப்புவார்கள். ஈரத் துணியால் துடைப்பாள். விரலை மூக்கின் ஓரத்தில் தேய்க்கச் சொல்வாள். அந்த எண்ணெய் போதும். பிறகு தட்டையாக, நகம் வெளுக்கும்வரை அழுத்தச் சொல்வாள். பச்சை விளக்கு எரியும்.

இன்று துடைக்கவில்லை. "வையுங்கள்," என்று மட்டும் சொன்னாள்.

சிவப்பு விளக்கு.

"இன்னொரு முறை."

சிவப்பு.

புஷ்பவள்ளி விரலை எடுத்து மூக்கின் ஓரத்தில் தேய்த்தாள். அழுத்தித் தேய்த்தாள். அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யோகேஸ்வரிதான். இரண்டு பேருக்கும் அது நினைவில் இருந்தது. விரல் மீண்டும் வந்தது. யோகேஸ்வரி கண்ணாடிக்கு அடியில் கையை விட்டு, சரிசெய்வதுபோல் அந்த விரலைப் பிடித்து ஒருபக்கமாகச் சாய்த்தாள். விரல் ஈரமாக, சில்லென்று இருந்தது.

சிவப்பு. எந்திரம் பூட்டிக்கொண்டது. இனி அதிகாரி வந்து திறக்க வேண்டும்.

பைக்குள்ளிருந்து ஒரு ஆண் குரல் கேட்டது. ஏன் தாமதம் என்று மலாயில் கேட்டது. மரியாதையான குரல். அலுவலகக் குரல்.

நாற்காலிகளில் காத்திருந்தவர்களில் ஒருவர் சத்தமாகச் சொன்னார். "மூணாம் நம்பர்ல என்னா பூசையா நடக்குது? பார்க்கிங்கு காசு ஓடுது லா!"

யோகேஸ்வரி ஐசியைத் தன் டிராயருக்குள் வைத்துப் பூட்டினாள். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

அதிகாரி ரொஹானா கேட்டுவிட்டு உடனே எழுந்து வந்தாள். நல்லவள். விதிப்படி நடப்பவள். கண்ணாடிக்கு முன் குனிந்து புஷ்பவள்ளியிடம் கேள்விகளைக் கேட்டாள். யாராவது ஃபோனில் மிரட்டினார்களா? இல்லை. இந்தக் கணக்கு யாருடையது? உறவினருடையது. பணம் எதற்கு? வீட்டுக்கு வாங் பெண்டாஹுலுவான்.

முன்பணம். புஷ்பவள்ளி சந்தையில் மீன் வாங்கும் மலாய் பேசுகிறவள். அந்தச் சொல் அவள் வாயில் அப்போதுதான் வைத்ததுபோல் இருந்தது.

ரொஹானா யோகேஸ்வரியை ஓரமாக அழைத்தாள்.

"எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொல்கிறாள்."

"அதுதான் தப்பு. அவளுக்கு இவ்வளவு மலாய் தெரியாது. பையைப் பாருங்கள், ஃபோன் ஓடுகிறது."

"பார்த்தேன். மகள் என்கிறாள்."

"அவளுக்கு மகள் கிடையாது."

ரொஹானா நெற்றியைத் தடவினாள். "யோகா, பிப்ரவரியை மறந்துவிட்டாயா? அந்த ஜெயபாலன். லாரி வாங்கப் பணம் அனுப்ப வந்தான். நீ மோசடி என்று நிறுத்தினாய். லாரி வேறு ஆளுக்குப் போனது. உன் பெயரில் ஏற்கெனவே ஒரு கண்டனக் கடிதம் இருக்கிறது. இன்னொன்று வந்தால் நான் பேசவே முடியாது. அவளிடம் எச்சரிக்கைப் படிவத்தில் கையெழுத்து வாங்கு. பணம் அவளுடையது."

"மோசடிப் புகார் எண்ணுக்காவது ஃபோன் அடியுங்கள்."

"அடிக்கிறேன். வரிசையில் வைப்பார்கள். நீ மெதுவாகச் செய். ஆனால் செய்."

வேலை நேரத்தில் காசாளர்களும் ஃபோனைப் பின்னறையில் விட்டுவிட வேண்டும். யோகேஸ்வரி பின்னறைக்குப் போய்த் தன் ஃபோனை எடுத்தாள். தீபனின் எண் அவளிடம் இருந்தது. வாரிசுப் பெயர் சேர்க்க வந்தபோது கொடுத்திருந்தான். மணி அடித்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டாள். அப்படியே. பிறகு தட்டச்சு செய்தாள். தம்பி, பேங்க் யோகா ஆண்ட்டி. அம்மா இங்க இருக்காங்க. பார்த்ததும் கூப்பிடு.

ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கவுண்டருக்குத் திரும்பினாள். ரொஹானா எந்திரத்தைத் திறந்து வைத்திருந்தாள்.

புஷ்பவள்ளி மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்த இடம் சிவந்திருந்தது.

யோகேஸ்வரி கண்ணாடி இடைவெளியில் வாயை வைத்துத் தமிழில் சொன்னாள். "அக்கா, தீபன் வேலையில இருக்கான். ஃபோன் லாக்கர்ல இருக்கு. நீங்கதானே எப்பவும் சொல்வீங்க?"

புஷ்பவள்ளி பையைப் பார்த்தாள். பிறகு யோகேஸ்வரியைப் பார்த்தாள்.

"நீ கூப்பிட்டியா?" அன்று அவள் பேசிய முதல் தமிழ்.

"கூப்பிட்டேன்."

"எடுத்தானா?"

"எடுக்கல. ஆனா அது..."

"எடுக்க மாட்டான். கையில விலங்கு போட்டுட்டாங்க. நானும் காலையிலேர்ந்து அடிக்கிறேன். எடுக்க மாட்டான்னு அவங்களே சொன்னாங்க."

"சாக்காப் மெலாயூ!" என்றது பை. மலாயில் பேசு. மரியாதை போயிருந்தது.

புஷ்பவள்ளி வாயைப் பொத்திக்கொண்டாள். "மாஃப், துவான். மாஃப்." மன்னியுங்கள், ஐயா.

யோகேஸ்வரி எழுந்தாள். பணப் பெட்டியை மூடவில்லை. காசாளர் அப்படி எழக்கூடாது. பக்கக் கதவைத் திறந்து வெளியே வந்தாள். பைக்குள் கையை விட்டு, ஃபோனை எடுத்து, அழைப்பை வெட்டினாள்.



புஷ்பவள்ளி ஒரு சத்தம் போட்டாள். அது சொல் இல்லை. காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். ஃபோனைப் பிடுங்கி வந்த அழைப்பைத் தேடினாள். எண் இல்லை. மறைத்த எண். திரும்பக் கூப்பிட வழியில்லை. திரையை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அந்த விரலுக்குத் திரையும் சரியாகப் பணியவில்லை.

"கொன்னுட்டியே," என்றாள். "லைன் அறுந்தா ஃபைல சிங்கப்பூருக்கு அனுப்பிடுவேன்னு சொன்னானே. கொன்னுட்டியேடி!"

"அக்கா, அவன் திருடன்."

"நீ யாரு? நீயும் அவங்க ஆளா? பேங்க்ல இருக்கிறவங்களும் இதுல இருக்காங்கன்னு சொன்னான். நான் நம்பல. யோகா அப்படி இல்லன்னு நெனச்சேன். அதனாலதான் இங்க வந்தேன்."

யோகேஸ்வரி அவள் தோளைத் தொடப் போனாள். புஷ்பவள்ளி தட்டிவிட்டாள்.

"ஐசியக் குடு. வேற கிளைக்குப் போறேன்."

"தரமாட்டேன்."

"ஐசி என்னோடது!"

"தெரியும். தீபன் கூப்பிடட்டும். அவன் குரலக் கேட்டுட்டு வாங்கிட்டுப் போங்க. நானே கதவத் தொறந்து விடுறேன்."

"குரல் எப்படிடி கேக்கும்? காலையிலேயே பாதி கட்டியாச்சு. வேற பேங்க்ல. மீதி நாலு மணிக்குள்ள கட்டலன்னா, கட்டுனதும் செல்லாதாம்."

யோகேஸ்வரி அதைக் கேட்டு நின்றாள். காலையில். வேறு வங்கி. அங்கே யாரும் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. வந்தவள் மலாயில் பேசினாள், அவர்களும் மலாயில் பேசினார்கள்.

ரொஹானா வெளியே வந்துவிட்டாள். பின்னால் காவலாளி.

"யோகா, ஐசியைக் கொடு. ஒருவருடைய அடையாள அட்டையைப் பிடித்து வைக்க நமக்கு உரிமை இல்லை. இது போலீஸ் கேஸ் ஆகும். நம் மேல்."

"மகன் கூப்பிடும்வரை."

"எப்போது கூப்பிடுவான்?"

"டீ நேரத்தில்."

"டீ நேரம் எப்போது?"

"தெரியாது."

"சாவியைக் கொடு."

யோகேஸ்வரி சட்டைப் பையின் மேல் கையை வைத்துக்கொண்டாள். காத்திருந்தவர்களில் ஒருத்தி ஃபோனை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். பார்க்கிங் காசு பற்றிச் சத்தம் போட்டவர் எழுந்து எட்டிப் பார்த்தார்.

புஷ்பவள்ளி தரையில் உட்கார்ந்தாள். விழுந்தாள் என்று முதலில் எல்லாரும் நினைத்தார்கள். அவள் யோகேஸ்வரியின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி. காசு போனா போகுது. அவரு செத்து வந்த காசுதானே. நான் பாத்திரம் கழுவிப் பொழச்சிக்குவேன். புள்ளைய மட்டும் விட்டுடச் சொல்லு. ஐசியக் குடும்மா. உனக்கும் புள்ளைங்க இருக்குதில்ல?"

யோகேஸ்வரி குனிந்து அவள் கைகளைப் பிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. பாத்திரம் தேய்த்த கைகள்.

"எழுந்திரிங்கக்கா. எல்லாரும் பார்க்குறாங்க."

"பார்க்கட்டும்."

ரொஹானா கையை நீட்டியபடி நின்றாள். "யோகா, கடைசியாகச் சொல்கிறேன்."

அப்போது தரையில் கிடந்த ஃபோன் அதிர்ந்தது. எண் இல்லை. புஷ்பவள்ளி காலை விட்டுவிட்டு அதன் மேல் பாய்ந்தாள். "துவான்! துவான், மாஃப், துவான். லைன் போய்விட்டது. நான் வெட்டவில்லை. கட்டிவிடுகிறேன், துவான். ஐசி அவர்களிடம் இருக்கிறது." மலாயில் வேகமாகச் சொன்னாள். பாதி தமிழாக வந்தது. தன்னையறியாமல் தலை குனிந்து குனிந்து நிமிர்ந்தாள், அவன் எதிரில் நிற்பதுபோல.

யோகேஸ்வரி சாவியை வெளியே எடுத்தாள். வேறு வழி தெரியவில்லை. ரொஹானாவின் கையை நோக்கி நீட்டினாள்.

அவளுடைய ஃபோன் அடித்தது.

தீபன்.

ஸ்பீக்கரைப் போட்டுத் தரையில் உட்கார்ந்தாள். ஃபோனைப் புஷ்பவள்ளியின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"ஆண்ட்டி? இப்பதான் பார்த்தேன். அம்மாவுக்கு என்னாச்சு?"

புஷ்பவள்ளியின் காதில் ஒரு ஃபோன் இருந்தது. எதிரில் ஒன்று இருந்தது. இரண்டுக்கும் நடுவில் வாயைத் திறந்தபடி இருந்தாள்.

"எங்கடா இருக்க?"

"கேண்டீன்ல லா. வேற எங்க இருப்பேன்?"

"கூட யாரு?"

"ஒரு ரொட்டியும் ஒரு கிளாஸ் தே தாரிக்கும். என்னாம்மா?"

"கையக் கட்டியிருக்காங்களா?"

"எந்தக் கைய? அலமாக்! அம்மா, காய்ச்சலா உங்களுக்கு? ஆண்ட்டி, அம்மா நல்லாருக்காங்களா?"

புஷ்பவள்ளி காதிலிருந்த ஃபோனை இறக்கினாள். அதற்குள் குரல் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. கோர்ட் என்றது, வாரண்ட் என்றது. ரொஹானா குனிந்து அதை எடுத்து வெட்டினாள். பிறகு தன் மேசைக்கு ஓடினாள்.

"நல்லாருக்கேன்," என்றாள் புஷ்பவள்ளி. "நல்லாருக்கேன்டா." சிரித்தாள். சிரிப்பு நிற்காமல் வந்தது. கண்ணீரும் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். காவலாளியும் சிரித்தான். பார்க்கிங் காசுக்காரர் தன் நாற்காலியை இழுத்துவந்து அவளுக்குப் பக்கத்தில் போட்டார்.

சிரிப்பு நின்றது. யோகேஸ்வரி அது நிற்பதைப் பார்த்தாள்.

"காலையில கட்டினது," என்றாள் புஷ்பவள்ளி.

யோகேஸ்வரி குரலைத் தாழ்த்தினாள். "எந்தக் கணக்குலேர்ந்து அனுப்புனீங்க?"

புஷ்பவள்ளி ஃபோனின் வாயை உள்ளங்கையால் மூடினாள். "தீபன் காசு. வீடு வாங்கச் சேர்த்தது. ரெண்டு பேர் பேர்லயும் இருந்துச்சு."

"அக்கா, இப்பவே அந்த பேங்குக்குச் சொன்னா நிறுத்தலாம். ஒரு கணக்குலேர்ந்து இன்னொண்ணுக்கு மாத்திக்கிட்டே இருப்பாங்க. மாத்தறதுக்குள்ள புடிக்கணும். நான் நம்பர் போட்டுத் தர்றேன், நீங்க பேசுங்க."

"நாளைக்குப் பேசுறேன்."

"நாளைக்கு இருக்காது."

"அவனுக்குத் தெரிஞ்சிடும்."

"தெரியட்டும்."

"பிரவீனா வீட்ல கல்யாணத் தேதி குறிச்சாச்சு தங்கச்சி. வீடு வாங்குறதச் சொல்லித்தான் பொண்ணு கேட்டோம். நாலு வருஷமா ரொட்டியத் தின்னுட்டு அவன் சேர்த்த காசு. நான் எப்படிச் சொல்லுவேன்? எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு?"

"கணக்கு உங்க பேர்ல இருக்கு. நீங்க பேசணும். நான் பேசினா கேக்க மாட்டாங்க."

புஷ்பவள்ளி தலையை ஆட்டினாள். மகனுக்காக எதையும் செய்யத் துணிந்து வந்தவள், இப்போது ஒரு ஃபோன் செய்ய மாட்டேன் என்றாள். யோகேஸ்வரி அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அது கனமாக, அசையாமல் இருந்தது.

உள்ளங்கைக்கு அடியிலிருந்து தீபனின் குரல் வந்தது. "அம்மா? லைன்ல இருக்கீங்களா? எனக்கு டைம் முடிஞ்சிச்சு. உள்ள போறேன்."

புஷ்பவள்ளி கையை எடுத்தாள். குரலைச் சரிசெய்துகொண்டாள். "போப்பா. ஒண்ணுமில்ல. தல சுத்துச்சு, அவ்வளவுதான். யோகா பயந்துட்டா."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். ராத்திரி பேசுறேன்."

"சரிப்பா."

புஷ்பவள்ளி யோகேஸ்வரியைப் பார்த்துக் கும்பிட்டாள். ஐசிக்காகக் காலைப் பிடித்தபோதுகூட அவள் முகம் இப்படி இல்லை. அப்போது பயம் மட்டும் இருந்தது.

கணக்கு இரண்டு பேர் பெயரிலும் இருந்தது.

யோகேஸ்வரி ஃபோனைத் தன் பக்கம் இழுத்தாள்.

"தம்பி," என்றாள். "உள்ள போகாத. நான் சொல்றதக் கேளு."

புஷ்பவள்ளி கும்பிட்ட கைகளைப் பிரித்துக் காதுகளைப் பொத்திக்கொண்டாள்.